மூன்றே ஆண்டுகளில் சர்ஜன் ஆவது எப்படி?

முதலில் ஒரு நல்ல சேதி. கத்தியை உங்கள் கையில் கொடுக்க இன்னும் நிறைய நாள் இருக்கிறது. ஆகவே கை நடுங்குமோ என்ற கவலை இப்போதைக்கு வேண்டாம். கால் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீட் பி.ஜி. எழுதி, கவுன்சலிங்கில் ரேடியாலஜி இடங்களும் தோல் மருத்துவ இடங்களும் கண்ணெதிரே காலியாகி, தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசைப்பட்டே எடுத்தவர்களும் உண்டு. முதல் பதினைந்து நாள் சிரித்த முகத்தோடு திரிபவர்கள் அவர்கள்தான். படிப்பு 3 ஆண்டு. அதற்குள் உங்களைச் சர்ஜனாக்கிவிட வேண்டும் என்பது அரசின் திட்டம். அதற்குள் உங்களை வைத்து வார்டு வேலையை ஓட்டிவிட வேண்டும் என்பது யூனிட்டின் திட்டம். இரண்டு திட்டத்துக்கும் ஆள் ஒருவரே என்பதால்தான் இப்படியொரு வழிகாட்டி தேவைப்படுகிறது.

எஸ்-1, எஸ்-2 என்று எண் போட்ட யூனிட்டுகளில் ஒன்று உங்கள் தலையில் எழுதப்படும். உச்சியில் பேராசிரியர், அவர்தான் சீஃப். அவருக்கு அடுத்து இணைப் பேராசிரியர், பிறகு ஏ.பி. என்று அழைக்கப்படும் உதவிப் பேராசிரியர்கள். அதற்கும் கீழே ஃபைனல் இயர் அண்ணன், செகண்ட் இயர் அக்கா, கடைசியாக நீங்கள். உங்களுக்கும் கீழே ஹவுஸ் சர்ஜன் என்று ஒருவர் இருப்பதாக டியூட்டி பட்டியல் சொல்லும். அவர் எங்கேயோ உட்கார்ந்து நீட் பி.ஜி.க்குப் படித்துக்கொண்டிருப்பார். தேடாதீர்கள். போன வருஷம் நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே பழகிவிடுங்கள். சீஃபும் ஏ.பி.யும் சார் அல்லது மேடம். சீனியர்கள் அண்ணா, அக்கா. செவிலியர்கள் அத்தனை பேரும் சிஸ்டர். நீங்கள் பெண் என்றால் நீங்களும் சிஸ்டர்தான். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெத், நெஞ்சில் பெயர்ப்பட்டை மூன்றும் இருந்தாலும், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று நோயாளியின் மாமியார் உங்களிடம்தான் கேட்பார். பக்கத்தில் மீசை அரும்பி நிற்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு மட்டும் "டாக்டரய்யா" கிடைக்கும். திருத்திப் பார்க்கலாம், மறுநாளும் சிஸ்டர்தான். தையல் பிரித்து வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அதே அம்மா "டாக்டர் பாப்பா" என்பார். அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு பதவி உயர்வு அந்த ஆண்டில் வராது.

வேலை நேரம்

இதைப் பற்றிச் சட்டதிட்டங்கள் தெளிவாக இருக்கின்றன. மத்திய அரசு 1992-இல் வகுத்த ரெசிடென்சி திட்டம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டாம், வாரத்துக்கு 48 மணி நேரம் போதும் என்கிறது. இதைக் கடைப்பிடிப்பது மிகச் சுலபம். திங்கட்கிழமை காலை தொடங்கினால் புதன்கிழமை காலை 48 மணி நேரம் முடிந்துவிடும். மீதி வாரத்தைப் பற்றித் திட்டம் ஒன்றும் சொல்லாததால் அதை வார்டில் கழிக்கலாம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் பெருந்தன்மையானவை. பி.ஜி. மாணவர்கள் "நியாயமான" நேரம் வேலை செய்வார்கள், அவர்களுக்கு "நியாயமான" ஓய்வு தரப்படும் என்று அதில் இருக்கிறது. நியாயம் என்றால் எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. எழுதினால் அது நியாயமாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத பட்சத்தில். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத வாரம் எப்போது வரும் என்று சீஃபிடம் போய்க் கேட்காதீர்கள்.

இந்த முறைக்கே மூலபுருஷர் ஒருவர் இருக்கிறார். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது, அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் பயிற்சி மருத்துவர்களை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டிக்கொண்டே போகும் வழக்கத்தை உண்டாக்கினார். ரப்பர் கையுறையை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். கோகெய்னை மரத்துப்போகும் மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்து, அதற்கு அடிமையாகி, பிறகு மார்ஃபினுக்கும் அடிமையானவரும் அவர்தான். தூக்கமில்லாமல் உழைப்பதுதான் பயிற்சி என்று யாராவது உங்களுக்குப் போதித்தால், அந்தப் போதனை எங்கிருந்து புறப்பட்டது என்பதை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 1984-இல் 18 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் இறந்து, தூங்காத பயிற்சி மருத்துவர்கள் கையில் நோயாளியை விடலாமா என்று கேள்வி எழுந்த பிறகுதான் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-இல் அது அந்த நாடு முழுவதற்குமானது. அங்கே 80-க்கு இறங்கியதை ஒரு சாதனையாகச் சொல்கிறார்கள். காகிதத்தில் நாம் 48-இல் இருக்கிறோம். காகிதத்தில் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

சென்னை ஜி.எச். வளாகத்தில் புகழ்பெற்ற சர்ஜன் ரங்காச்சாரியின் சிலை 1939-இலிருந்து நின்றுகொண்டே இருக்கிறது. முதலாண்டு பி.ஜி.யைவிட அதிக நேரம் நின்ற சர்ஜன் அவர் ஒருவர்தான்.

கட்டுப் போடும் முறை

முதல் ஆண்டில் நீங்கள் கற்கப்போகும் சர்ஜரி இதுதான். காலை எட்டரைக்கு சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் வார்டில் அத்தனை கட்டும் பிரித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஆறு மணிக்கு டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு கிளம்புங்கள். அதன் ஒரு சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். எல்லா வார்டிலும் அப்படித்தான். டெண்டரிலேயே அப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

பாதிப் படுக்கைகளில் சர்க்கரைக் கால். ஒருவர் கட்டட வேலைக்குப் போகிறவர். ஆணி குத்தியது தெரியாது, எட்டு நாள் கழித்து செருப்பில் ரத்தம் பார்த்துத்தான் தெரிந்தது. சர்க்கரை காலின் உணர்ச்சி நரம்பைத் தின்றுவிட்டிருக்கிறது. பழைய காஸ் புண்ணோடு காய்ந்து ஒட்டியிருக்கும். பிய்த்து இழுக்காதீர்கள், சலைன் ஊற்றி ஊறவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றினால் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு அழுக்கு மேலே வரும், திரும்ப சலைன். செத்த சதை சாம்பல் நிறத்திலும் மஞ்சளாகவும் நார்நாராகத் தொங்கும். கத்தரியால் வெட்டிக்கொண்டே போங்கள். அவர் மேலே பார்த்து, "டாக்டர், வெளியே டீ வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா, உங்களுக்கும் சேத்து?" என்று கேட்டுக்கொண்டிருப்பார், வலிக்காது. வெட்டுமிடத்தில் புள்ளி புள்ளியாகச் சிவப்பு கசிகிறதா, அங்கே நிறுத்துங்கள். அது உயிருள்ள சதை. பாதத்தின் அடியில் அமுக்கினால் விரலிடுக்கில் சீழ் எட்டிப்பார்க்கிறதா என்றும் பாருங்கள். எட்டிப்பார்த்தால் புண் நீங்கள் நினைத்ததைவிட நீளம். புழு வைத்திருந்தால் டர்பன்டைன் எண்ணெய், பொறுமை, ஃபோர்செப்ஸ்.

சதைக்கும் சாவுக்கும் நடுவே இருக்கிற அந்தக் கோட்டைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் சர்ஜரியில் பாதி தெரிந்துவிட்டது. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "டிரெஸ்ஸிங் முடிஞ்சுதா?" என்று மட்டும்தான் கேட்பார்கள். முடிஞ்சுது என்று சொல்லுங்கள். எட்டாம் நம்பர் படுக்கையை மறந்திருந்தால் சீஃப் நேராக அங்கேதான் போய் நிற்பார்.

ஃபிட்னஸ் வாங்கும் முறை

நாளை தியேட்டரில் ஹெர்னியா ஒன்று போடவேண்டும். வயது 62, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. மயக்க மருத்துவரின் சம்மதம் வேண்டும். அவர் எக்கோ கேட்பார். எக்கோவுக்குப் போனால் இசிஜி எங்கே என்பார்கள். இசிஜியில் ஏதோ ஒரு அலை வளைந்திருக்கும். மெடிசின் ஒப்பீனியன் வாங்கி வா. மெடிசினில் சர்க்கரை 240, இன்சுலினை ஏற்று, மூன்று நாள் கழித்து வா. மூன்று நாள் கழித்து எல்லாக் கையெழுத்தும் விழுந்து, கேஸ் ஷீட் ஒரு சாண் கனமாகி, பட்டியலில் பெயரும் ஏறிவிட்டது என்றால் நீங்கள் திறமைசாலி. சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள்.

காலை ஏழரைக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, ஒண்ணும் சாப்பிடலைல?"

"ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர். டீ மட்டும்தான். கூட ரெண்டு பன்னு."

பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டு, இதை சீஃபிடம் யார் சொல்வது என்று சீட்டுக் குலுக்கிப் பாருங்கள். சீட்டு எத்தனை போட்டாலும் வருவது உங்கள் பெயர்தான். ராத்திரி பத்து மணியிலிருந்து சாப்பிடக்கூடாது என்று சொன்னீர்களே. குடிக்கவும் கூடாது, டீயும் கணக்குதான், ஏன் கூடாது என்றால் மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொன்னீர்களா? காரணம் சொன்னால் மனிதர்கள் கேட்கிறார்கள். இந்த வழிகாட்டியில் கேலியில்லாமல் எழுதிய ஒரே யோசனை இது, குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் ஏற்பாடு செய்வதும் உங்கள் பொறுப்புதான். பார்வை நேரத்தில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வாட்டசாட்டமான உறவினர்கள் நிற்பார்கள். "ஒரு யூனிட் ரத்தம் வேணும், யார் குடுக்கறீங்க?" என்று கேளுங்கள். வார்டில் காற்றோட்டம் உடனே சரியாகிவிடும்.

ரிட்ராக்டர் பிடிக்கும் முறை

தியேட்டருக்குள் வந்துவிட்டீர்கள். கை கழுவி, கவுன் மாட்டி, உங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில், அதாவது சீஃபின் முழங்கைக்குப் பின்னால் நில்லுங்கள். டீவர் ரிட்ராக்டர் என்ற வளைந்த இரும்புத் தகடு ஒன்றைக் கையில் கொடுத்து, கல்லீரலை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். கல்லீரல் உங்களுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் முழங்கை மட்டும். அந்த முழங்கையின் கோணத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

கொஞ்சம் தளர்த்தினால் "ஏன் விடுற?" கொஞ்சம் இழுத்தால் "கல்லீரலைக் கிழிக்கப்போறியா?" அசையாமல் வைத்திருந்தால் கேள்வி வரும். "கேலட் முக்கோணத்துக்கு எல்லைகள் என்ன?" இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேலட் எழுதியபோது மேல் எல்லை பித்தப்பைத் தமனி. இன்றைக்குப் புத்தகங்கள் கல்லீரலின் அடிப்பரப்பை மேல் எல்லையாக்கி, தமனியை முக்கோணத்துக்கு உள்ளே வைத்துவிட்டன. நீங்கள் தமனி என்றால் சார் கல்லீரல் என்பார், நீங்கள் கல்லீரல் என்றால் "கேலட் அப்படியா சொன்னார்?" என்பார். இரண்டையும் சொல்லிவிட்டால் "இப்ப வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா பிடி" என்பார். அதைப் பாராட்டு என்று கொள்ளவும்.

இரவில் விடுதிக்குத் திரும்பினால் முடிச்சுப் பயிற்சி. மீந்த பட்டு நூலைக் கதவுத் தாழ்ப்பாளிலும் கட்டில் காலிலும் கட்டிக்கட்டிப் பழகுங்கள்: ஒற்றைக் கை, இரட்டைக் கை, ஆழத்தில் கட்டுவது. சர்ஜரி மாணவர் அறையை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தாழ்ப்பாளில் கறுப்புச் சடை தொங்கும். அட்டைப்பெட்டியில் இரண்டு ஓட்டை போட்டு, மேலே செல்போனைச் சாய்த்து வைத்து, லேப்பராஸ்கோப்பிப் பயிற்சிப் பெட்டி செய்துகொள்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். கீறலைப் பூசணி, சுரைக்காய், வெள்ளரியில் பழகு, தைப்பதைத் தடித்த துணியிலும் மெல்லிய தோலிலும் பழகு, கட்டுப்போடுவதைத் துணி பொம்மையில் பழகு என்று சுஸ்ருத சம்ஹிதை மாணவனுக்கு அத்தியாயம் போட்டுச் சொல்கிறது. அந்த மாணவனும் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு "எப்ப சார் கேஸ் குடுப்பீங்க?" என்று மனசுக்குள் கேட்டிருப்பான்.

கேஸ் வாங்கும் முறை

எல்லாரும் பக்கத்தைப் புரட்டி நேராக வந்து நிற்கும் இடம் இது. கேஸ் கேட்டுக் கிடைக்காது. கேட்காமலும் கிடைக்காது. ஒரு பொது ஏணி மட்டும் உண்டு: சீழ்க்கட்டியைக் கீறுவது, கொழுப்புக் கட்டி, ஹைட்ரோசீல், முன்தோல் நீக்கம். அதற்குப் பிறகு தோல் தைக்கக் கொடுப்பார்கள். பிறகு வயிற்றை மூடக் கொடுப்பார்கள். பிறகு திறக்க. செகண்ட் இயரில் அப்பெண்டிக்ஸ், ஹெர்னியா, கால் நீக்கம். தைராய்டும் மார்பகமும் குடலும் ஃபைனல் இயருக்கு, அதுவும் யூனிட்டில் எம்.சிஎச். போகத் துடிக்கும் ஏ.பி. யாரும் இல்லாத பட்சத்தில்.

கை திறமையானவருக்குத்தான் கேஸ் கிடைக்கும் என்று நம்பி, தாழ்ப்பாளில் முடிச்சுப் போட்டே ஆண்டைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். சீஃப் பார்ப்பது வேறு. அந்த நோயாளிக்கு மூன்று நாளாக ஃபிட்னஸ் அலைந்தது யார், ராத்திரி ட்ரெய்னில் எத்தனை மில்லி வந்தது என்று பார்க்காமல் சொல்வது யார், ஒன்று தப்பாகப் போனால் இரண்டு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாரா, இல்லை காலை வரை மூடி மறைப்பாரா. கடைசிக் கேள்விக்கு சீஃபுக்குப் பதில் தெரிகிற நாளில் கத்தி கைமாறும். இரண்டு மணிக்கு எழுப்பினால் திட்டுவார். அதற்காக எழுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

அந்த நாளின் அடையாளம் ஒன்று உண்டு. வலப்பக்க ஹெர்னியா. வழக்கமாக சார் நோயாளியின் வலப்பக்கம் நிற்பார், நீங்கள் எதிரே. இன்றைக்கு அவர் கவுன் மாட்டிக்கொண்டு வந்து, ஒன்றுமே சொல்லாமல், எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார். நீங்களும் பழக்கதோஷத்தில் அவர் பின்னாலேயே போய் நிற்காதீர்கள். வலப்பக்கம் காலியாக இருக்கிறதே, அது உங்கள் இடம்.

தோலைக் கீறுங்கள். பயந்து பயந்து கீறினால் கோடு பல்லுப்பல்லாக வரும். கொழுப்பு, அதன் அடியில் ஸ்கார்ப்பா உறை, அதற்கும் அடியில் வெள்ளையாகப் பளபளக்கும் எக்ஸ்டெர்னல் ஆப்ளிக் தசைநார்ப் படலம். அதன் இழை ஓடுகிற திசையிலேயே, கீழ் வளையம் வரை பிரியுங்கள். உடனே அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு மெல்லிய நரம்பு படுத்திருக்கும், இலியோ-இங்குவினல். அதை வெட்டினாலோ வலையோடு சேர்த்துத் தைத்தாலோ மனிதர் தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓ.பி.க்கு வருவார். விந்துக்குழாய்க் கட்டைத் தூக்குங்கள், பையைத் தேடுங்கள். தேடும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே இழை ஏற்கெனவே விறைப்பாக விரிந்து நிற்கும். எங்கே வெட்டக்கூடாதோ அங்கே ஒரு விரல் வந்து மறைத்துக்கொண்டிருக்கும். எல்லாம் எதிர்ப்பக்கத்துக் கைகளின் வேலை. கத்தி உங்கள் கையில், கேஸ் இன்னும் சார் கையில்தான். இத்தனை நாள் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் செய்யத் தவறியது என்ன என்பது அப்போதுதான் விளங்கும். லிக்டென்ஸ்டைன் முறையில் வலையைப் பரப்பித் தைத்து முடித்ததும் உங்களுக்குக் கை ஓய்ந்து போயிருக்கும். சார் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த கேஸ் அனுப்பு" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். லாக் புக்கில் கையெழுத்தை மட்டும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

அட்மிஷன் டே

வாரத்தில் ஒரு நாள், 24 மணி நேரமும் வருகிற அவசர கேஸ் எல்லாம் உங்கள் யூனிட்டுக்கு. இதற்கு ஒரே விதிதான்: "இன்னிக்கு ஃப்ரீயா இருக்கே" என்று யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. அறிவியல் படித்தவர்கள், எம்.எஸ். பட்டம் வாங்கியவர்கள், இந்த ஒரு விஷயத்தில் கண்ணேறுக்குப் பயப்படுவார்கள். நீங்களும் பயப்படுங்கள்.

விபத்து கேஸ் என்றால் முதலில் மூச்சு, பிறகு ரத்தம், பிறகு ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர். நடுவே காவலர் வந்து "சார், இன்டிமேஷன்ல ஒரு கையெழுத்து" என்பார். ராத்திரி ஒரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், தொட்டால் பலகை. எக்ஸ்-ரேயில் வலப்பக்க உதரவிதானத்துக்கு அடியில் பிறை மாதிரி காற்று. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கி விழுங்கிய மாத்திரை, வெறும் வயிறு, கூடவே கொஞ்சம் சரக்கு. சிறுகுடல் தொடங்குமிடத்தில் ஓட்டை. டொரன்டோவின் ராஸ்கோ கிரஹாம் 1937-இல் விவரித்தபடி ஓமென்டம் என்ற கொழுப்புத் திரையின் ஒரு துண்டை அந்த ஓட்டை மேல் வைத்துக் கட்டுவதைத்தான் இன்றைக்கும் செய்கிறோம். அதற்கு முன் வெதுவெதுப்பான சலைனை லிட்டர் கணக்கில் ஊற்றி வயிற்றைக் கழுவ வேண்டும். "ரெண்டு நாளா பச்சத் தண்ணி படலை" என்று சொன்னவரின் வயிற்றுக்குள்ளிருந்து பரோட்டா வரும். திகைக்காதீர்கள், உறிஞ்சுங்கள்.

மதுரைப் பக்கம் இடம் கிடைத்திருந்தால் தை மாதம் உங்களுக்குத் தனிப் பாடம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. கொம்பு போன ஓட்டை இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். குத்திய பிறகு மாடு தலையைத் திருப்பியிருக்கும், ஆகவே உள்ளே வழி இரண்டு மூன்றாகப் பிரிந்து போயிருக்கும். மேலோட்டமாகப் பார்த்து நாலு தையல் போட்டு அனுப்பிவிடக்கூடாத காயம் அது. மாடுபிடி வீரரைவிட நல்ல நோயாளி கிடைக்க மாட்டார். வலி பற்றிக் கேட்டால், மாடு யாருடையது என்று பெருமையாகச் சொல்வார்.

வெளி போஸ்டிங்

சுழற்சி முறையில் மற்ற துறைகளுக்கும் அனுப்புவார்கள். யூராலஜியில் கதீட்டர் போடலாம், போட்ட கதீட்டர் அடைத்துக்கொண்டால் மாற்றலாம். நியூரோ சர்ஜரியில் ராத்திரி முழுக்க சி.டி. ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். குழந்தைகள் அறுவையில் எல்லாமே சிறிது, அம்மாவின் கேள்விகள் நீங்கலாக. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமா மூக்கு நினைவுக்கு வந்தால், கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டில் ஒரு வாரம் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மயக்கவியல் போஸ்டிங்கை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். அங்கே உட்கார ஸ்டூல் உண்டு என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், திரைக்கு அந்தப் பக்கமிருந்து சர்ஜன்களைப் பார்க்கலாம். "பத்தே நிமிஷம், முடிச்சுடறேன்" என்று ஒருவர் ஒன்றரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும், ரத்த அழுத்தம் இறங்குவது தெரியாமல் அவர் வீட்டு மனை விலை பேசிக்கொண்டிருப்பதும் இங்கிருந்துதான் தெரியும். எக்கோ கேட்டு அலையவிட்டவர்கள் மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிடும்.

மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் வேலை பார்க்க வேண்டும் என்பதும் இப்போது கட்டாயம். பெட்டியைக் கட்டும்போது எல்லாரும் புலம்புவார்கள். போய்ச் சேர்ந்தால் ஓ.பி. அறையில் தனி நாற்காலி, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "சர்ஜன் சார்" என்று கூப்பிடும் ஊழியர்கள், மதியம் நேரத்துக்குச் சாப்பாடு. திரும்பி வர மனசு வராது. ஆனால் ஒரு ராத்திரி, வீங்கிய வயிறு ஒன்று வந்து நிற்கும்; திறப்பதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கைகள் இல்லாத மேசை அது. அனுப்புவதும் ஒரு முடிவுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. 108 வரும் வரை டியூப் போட்டு, ட்ரிப் ஏற்றி, எழுதுவதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கம் அதைப் படிக்கப்போவது ஒரு காலத்து உங்களைப் போன்ற ஒரு ஃபர்ஸ்ட் இயர்.

தீசிஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரைக் கால் புண் என்று தலைப்பு வையுங்கள். நோயாளிக்குப் பஞ்சமே வராது.

பரீட்சை

மூன்றாம் ஆண்டுக் கடைசியில் எல்லாரும் திடீரென்று புத்தகத்தைத் தேடுவார்கள். பெய்லி அண்ட் லவ் தலையணை உயரம்; ஃபர்ஸ்ட் இயரில் வாங்கி, தலையணையாகவே இருந்தது. அதை எழுதிய ஹாமில்டன் பெய்லிக்கு இடக்கை ஆள்காட்டி விரல் கிடையாது, தொற்று வந்து எடுத்துவிட்டார்கள். பத்து விரலும் வைத்துக்கொண்டு நாம் அதில் நூறு பக்கத்தைத் தாண்டவில்லை என்பதைப் பற்றி இப்போது வருந்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. எஸ். தாஸ் மட்டும் போதும், நோயாளியை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று அதில் இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நான்கு தாள் எழுதிவிட்டு செய்முறைக்கு வாருங்கள்.

செய்முறையில் நீள் கேஸ், குறு கேஸ். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர்கள் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு கட்டிலைக் காட்டுவார்கள். கவலையே படாதீர்கள், நோயாளிகளில் பாதிப்பேர் உங்களைவிடப் பரீட்சை அனுபவம் உள்ளவர்கள். வெரிகோஸ் வெயின் தாத்தா இது எத்தனையாவது பேட்ச் என்று விரல் விட்டு எண்ணுவார். ஹெர்னியா பெரியவர் இருமச் சொல்லுமுன் இருமுவார். முன்தினம் ஃபைனல் இயர் எல்லாருமாகச் சேர்ந்து இவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது மரபு. பிரியாணியில் கஞ்சத்தனம் பண்ணினால் நோய் வரலாறு மாறிவிடும்.

கழுத்துக்கட்டி அம்மாவின் கட்டில் வந்தால் அதிர்ஷ்டம். கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, முகம் சிவக்கிறதா என்று கவனிக்க வேண்டும்; பெம்பர்ட்டன் சோதனை. படபடப்பில் நீங்கள் மறந்துவிடுவீர்கள். முழுங்கச் சொல்லிப் பார்த்தாயிற்று, பின்னால் நின்று தொட்டுப் பார்த்தாயிற்று, கண்ணைப் பார்த்தாயிற்று, மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கிறது, பரீட்சகர் அந்தப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, தானே இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "எழுதிக்கோ தம்பி, போன வருஷப் பொண்ணும் இதைத்தான் மறந்துச்சு" என்பார். எழுதிக்கொள்ளுங்கள்.